வாடகை வீரவாள்

என் கடையில் இருக்கிற எதுவும் அசல் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரீடம் தகரம், மேலே தங்க முலாம். செங்கோல் மரம். கதாயுதத்துக்குள்ளே பஞ்சு. வீரவாள் மட்டும் பித்தளை. அதற்கு வெள்ளி முலாம் பூசி, உறைக்குச் சிவப்பு வெல்வெட் ஒட்டி வைத்திருக்கிறேன். முனை கிடையாது. தக்காளியைக்கூட அறுக்காது.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் முப்பத்தெட்டு வருஷமாகக் கடை. பெயர் பவுல்சாமி. படிப்பு அஞ்சாவது. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் பாராட்டு விழா, பிறந்தநாள் விழா, ஜெயித்ததற்கு விழா என்று எது நடந்தாலும் மேடையில் கொடுக்கிற வாள் பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருக்கும். கொடுப்பதுபோல் கொடுப்பார்கள். வாங்குவதுபோல் வாங்குவார்கள். வாங்கினவர் உறையிலிருந்து சர்ரென்று உருவி, தலைக்கு மேலே தூக்கி, நாலு பக்கமும் காட்டுவார். விசில் பறக்கும். போட்டோ முடிந்ததும் வாள் மேடைக்குப் பின்னால் வரும். அங்கே நான் நிற்பேன். துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவேன். ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

இத்தனை வருஷத்தில் வாளை வாங்கி உருவாமல் விட்டவன் ஒருத்தன் இல்லை. முதுகு வளைக்க முடியாத தொண்ணூறு வயசுக்காரர்கூட உருவினார். ஒரு பெண் கவுன்சிலர் வேண்டாம் வேண்டாம் என்று வெட்கப்பட்டுக்கொண்டே உருவினார். நான் கெட்டது இந்தக் கணக்கில்தான்.

என் மகன் ஜாஸ்பர் ஏ.சி. மெக்கானிக். முப்பத்து நாலு வயசு. மேற்கு மாம்பலத்தில் மாடியறையில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட் ஒருத்தன், வெளிநாட்டில் கிடங்கு வேலை, சாமான் ஏற்றி இறக்கினால் போதும் என்றான். நம்பாதே என்றேன். "உனக்கு யாரத்தான் நம்பத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனான். போய் ஒரு மாசத்தில் அந்த நாட்டுப் பட்டாளத்துச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்பினான். ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த நாட்டில் மூன்று வருஷமாகச் சண்டை. யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு நாள் போனில் குரல் மட்டும் வந்தது. "அப்பா, முன்னால அனுப்பறாங்க. ஐவிகிட்ட சொல்லாத." அதோடு சரி. ஏழு மாசம் ஆகிவிட்டது. ஏஜென்டின் அறையில் இப்போது டியூஷன் நடக்கிறது.

ஐவி என் மருமகள். நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளும் நானும் பதினோரு மனு கொடுத்தோம். எல்லா இடத்திலும் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். எங்கள் சர்ச் பங்கில் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, "நல்லாத்தான் இருப்பான், பாருங்களேன்" என்பார்கள். "உனக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்பேன். முகம் சுருங்கிப் போய்விடுவார்கள். போகட்டும். மூன்றாம் மாசம் ஐவியே கேட்டாள், "மாமா, நீங்க என்ன நினைக்கறீங்க?" செத்தும் இருக்கலாம் என்று சொன்னேன். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டுப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, "நீங்க ஒருத்தர்தான் மாமா என்கிட்ட பொய் சொல்லாதவர்" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் துரைராஜ் வந்தான். மேடை, பந்தல், மைக் எல்லாம் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். இருபது வருஷப் பழக்கம். கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கத்தினான்.

"நைனா! உனுக்கு அடிச்சுது பாரு யோகம். வெளிநாட்டு அதிபர் வர்றாரு. தி. நகர்ல வரவேற்பு. நம்ம வாளுதான்!"

"எந்த நாடு?"

சொன்னான். நான் கிரீடத்துக்குக் கல் ஒட்டிக்கொண்டிருந்தேன். கல் கீழே விழுந்தது.

நகரத்துப் பெரிய மனிதர்கள் பத்துப்பேர் சேர்ந்து ஒரு வரவேற்புக் குழு வைத்திருந்தார்கள். பொன்னாடை, ஆளுயர மாலை, சட்டம் போட்ட வரவேற்பு மடல், வெள்ளி வீரவாள். நிஜ வெள்ளியில் வாள் செய்யச் சொல்லியிருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரிகள் அதைப் பார்த்துவிட்டு, முனை இருக்கிறது, மேடைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"உன் வாளுக்குத்தான் முனையே கெடியாதே. மேடைல இத்த குடுக்கறது, அசலு பின்னால பார்சல்ல போய்க்கும்" என்றான் துரைராஜ். "இன்னா நைனா, ஒரு மாதிரி ஆய்ட்ட?"

"ஒண்ணுமில்ல. எடுத்துக்கினு வரேன்."

ஜாஸ்பர் வெளிநாட்டில் இருப்பது அவனுக்குத் தெரியும். எந்த நாடு, என்ன ஆச்சு என்பது தெரியாது. நான் சொன்னதில்லை. நாலு இடத்தில் மேடை போடுகிறவன், நாலு இடத்தில் வாய் விடுவான். இப்போதும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஐவியிடம் சொன்னேன். வாளை உருவும்போது காகிதமும் கூடவே வரவேண்டும். மேடையில், எல்லா கேமராவும் பார்க்க, அந்த ஆளின் கையில் ஜாஸ்பரின் முகம் விரியவேண்டும். அதற்கப்புறம் எந்த அதிகாரி மறைப்பான்?

ஐவி ஒரு பக்கத்தில் ஜாஸ்பரின் படத்தையும் பாஸ்போர்ட் நம்பரையும் அடித்தாள். மறுபக்கத்தில் அந்த நாட்டு பாஷையில் நாலு வரி. போனில் தமிழைப் போட்டால் அந்த எழுத்து வருகிறது. நான் நம்பவில்லை. திருப்பித் தமிழில் போட்டுக் காட்டச் சொன்னேன். "சாமான் தூக்க வந்தவன்" என்று போட்டது "வீட்டைக் காலிசெய்ய வந்தவன்" என்று திரும்பி வந்தது. ஏழெட்டுத் தரம் மாற்றி மாற்றிப் போட்டுக் கடைசியில் ஒழுங்காக வந்தது இதுதான்:

"ஐயா, இவன் உங்கள் ராணுவத்தில் இருக்கிறான். சண்டைக்கு வந்தவன் இல்லை. கிடங்கில் வேலை செய்ய வந்தவன். உயிரோடு இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் அதைச் சொல்லுங்கள்."

கடைசி வரி வேண்டாம் என்றாள் ஐவி. "அத நாமளே எழுதிக் குடுக்கணுமா மாமா?" இருக்கட்டும் என்றேன். கீழே கடை போன் நம்பர். அதுதான் இருபது வருஷமாக மாறாத நம்பர், அணைக்காத போன்.

காகிதத்தின் ஒரு ஓரத்தைக் கைப்பிடிக்குக் கீழே இடுக்கில் செருகி, மீதியை வாளைச் சுற்றி, ஒரு நூலால் தளர்வாகக் கட்டினேன். உறையில் போட்டு உருவிப் பார்த்தேன். நூல் நழுவி, காகிதம் கொடி மாதிரி விரிந்தது. பத்துத் தடவை உருவினேன். பத்துத் தடவையும் விரிந்தது. ஐவி அதிபர் மாதிரி நின்றுகொண்டு ஒரு தடவை உருவினாள். ஜாஸ்பரின் முகம் அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றது. வாளைக் கீழே வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

விழா அன்று காலை எட்டு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். நம்ம ஊர்ப் போலீஸ் ஒருத்தர், அந்த நாட்டு ஆள் இரண்டு பேர். பெட்டியைத் திறந்து வாளை உருவி, கட்டைவிரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். உறையைக் கவிழ்த்துத் தட்டினார்கள். பெட்டியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அப்போது அதில் காகிதம் இல்லை. காகிதம் நான் வாள் துடைக்கிற துணியின் மடிப்பில் இருந்தது. அந்த அழுக்குத் துணியை எவன் சோதிப்பான்?

"சார், கைபட்டா வெள்ளி கறுத்துடும். மேடைக்குப் போறதுக்கு முன்ன ஒரு தபா தொடைச்சுடறேன்."

"தொடைங்க பெருசு. சட்டுனு ஆவட்டும்."

துடைத்தேன். சுற்றினேன். நூலைக் கட்டினேன். முடிச்சு இரண்டு தரம் தப்பியது. உறையில் செருகித் தட்டில் வைத்துவிட்டு, மேடையின் ஓரத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அது என் வழக்கமான இடம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதிபர் வந்தார். கழுத்து தடித்த ஆள். கண்ணுக்குக் கீழே தூக்கமே இல்லாதவனுக்கு இருக்கிற கறுப்பு. வரவேற்புக் குழுத் தலைவர் மடலை வாசித்தார். "களம் கண்ட வேங்கையே, எதிரியின் உறக்கம் கெடுத்தவரே" என்று பத்து நிமிஷம். பக்கத்தில் ஒரு பெண் காதோடு அதை மொழிபெயர்த்தாள். வேங்கைக்கு அவள் என்ன சொன்னாளோ, அதிபர் ஒரு தரம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பொன்னாடை போர்த்தினார்கள், தோளிலிருந்து நழுவியது. ஆளுயர மாலையை ஆறுபேர் தூக்கிவந்து போட்டார்கள், ஒரு அடி பின்னால் தள்ளாடினார். அவருடைய ஆட்கள் உடனே கழற்றினார்கள்.

அப்புறம் தட்டு வந்தது.

தலைவர் வாளை எடுத்து நீட்டினார். பின்வரிசையில் விசில் ஆரம்பித்தது. அதிபர் இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்தார். வெல்வெட்டின் மேல் கட்டைவிரல் ஒரு தரம் போய்வந்தது.

அவர் உருவவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்தார். வாளை அப்படியே உறையோடு, பக்கத்தில் நின்ற தன் உதவியாளனிடம் கொடுத்துவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. இப்போது யோசிக்கும்போது புரிகிறது. சண்டையே பார்க்காதவன்தான் வாளை உருவி ஆட்டுவான். தினமும் நூறு பேருக்குச் சாவோலை போடுகிறவனுக்கு அதில் என்ன விளையாட்டு இருக்கிறது? இது எனக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. நான் பார்த்த வீரன் எல்லாம் மேடை வீரன்.

போட்டோக்காரர்கள், "சார், தூக்குங்க சார், வாள தூக்குங்க!" என்று கத்தினார்கள். அவர் சிரிக்காமல் நின்றார். நான் திரையை விட்டு வெளியே வந்துவிட்டேன். வந்தது எனக்கே தெரியாது. பாஷை தெரியாது, என்ன செய்ய? இடது கையை உறை மாதிரி வைத்து, வலது கையால் உருவித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். மறுபடி ஒரு தரம். மறுபடி. உருவுய்யா. உருவித் தொலையேன். யாரோ என் மணிக்கட்டை இரும்பு மாதிரி பிடித்தார்கள்.

அதிபர் என்னைப் பார்த்தார். நேராக, கண்ணுக்குக் கண். எழுபத்தொரு வயசுக் கிழவன் மேடை ஓரத்தில் வாள் சுழற்றுவதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பழைய பட்டாளத்துக்காரன் என்று நினைத்திருக்கவேண்டும். நிமிர்ந்து நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். கூட்டம் கைதட்டியது. என் மணிக்கட்டைப் பிடித்தவனும் விட்டுவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தான்.

மேடைக்குப் பின்னால் துரைராஜ் வழக்கம்போல அந்த உதவியாளனிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் கொடுக்கவில்லை. வாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"அல்லோ, இது ரிட்டன்! ரிட்டன் சார்! ஒரிஜினல் லேட்டர்!" என்றான் துரைராஜ். "நைனா, இவன் இன்னா நெஜமாவே எட்துக்கினு போறான்?"

"விட்ரா. போவட்டும்."

"இன்னாது போவட்டும்? உன் சாமான் நைனா!"

"போவட்டும்னேன்ல."

துரைராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். என் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்திருப்பான். வாள் போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டான். அப்போதாவது அவன் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். சுற்றிலும் போலீஸ். வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் ஐவி வாசலிலேயே நின்றாள். "பார்த்தாரா மாமா?"

"உருவல. ஆனா எடுத்துக்கினு போயிட்டாங்க."

"அப்ப அங்க போய் யாராவது உருவுவாங்கல்ல?"

"உருவலாம். அலமாரியில வச்சுப் பூட்டவும் பூட்டலாம்."

"யாராவது ஒருத்தர். தொடைக்கறதுக்காவது எடுப்பாங்க. நீங்க எடுக்கறதில்ல?"

துடைக்க எடுப்பார்கள்தான். எனக்குக்கூட அன்று கொஞ்சம் நம்பிக்கை வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். சாப்பாடு இறங்கியது.

மறுநாள் பத்து மணி இருக்கும். பள்ளிக்கூடம் லீவு, ஐவி கடையில் என்னோடு இருந்தாள். சந்து முனையில் துரைராஜ் வண்டியின் ஹாரன் விடாமல் அடித்தது. சிரித்துக்கொண்டே இறங்கினான். கையில் நீளமாகத் துணியில் சுற்றிய ஒன்று.

"இந்தா நைனா! கொணாந்துட்டேன் பாரு!"

நான் எழுந்திருக்கவில்லை.

"காலைல ஆறு மணிக்கே ஓட்டலாண்ட போய் நின்னேன். பரிசுக்கெல்லாம் லிஸ்ட்டு போட்டுக்கினு இருந்தாங்க. மொழிபெயர்க்குதே அந்தப் பொண்ணு, அதுகிட்ட கெஞ்சினேன். இது எங்க நைனாவோடது, முப்பத்தெட்டு வருஷமா ஒரு சாமான மேடையில வுட்டுட்டு வந்ததில்ல, நேத்து மனசு ஒடஞ்சி கண் கலங்கிட்டாருன்னேன். அது போய்ச் சொல்லிச்சு. அதிபரே குடுக்கச் சொன்னாராம். சல்யூட் அடிச்சாரே, அந்தக் கெழவரான்னு கேட்டாராம்!"

"அவரு எங்க இப்ப?"

"எட்டரைக்கே பிளேன் ஏறியாச்சு."

துரைராஜ் வாளை என் மடியில் வைத்தான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பாவி அதைப் பெட்டியில் வைத்துத் தானே பிளேனுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருப்பான். இருபது வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட ஏமாற்றாதவன். அவனையும் நம்பாமல் வைத்திருந்தேன்.

"நல்லது துரை" என்றேன். "டீ குடிச்சிட்டுப் போ."

அவன் போனதும் ஐவி பக்கத்தில் வந்தாள். அவள் பார்வை உறையை விட்டு நகரவில்லை. உதட்டில் நிறமே இல்லை.

"உருவுங்க மாமா."

நான் வாளை எடுத்துக்கொண்டு, துணி எடுக்கிற சாக்கில் உள்பக்கம், கிரீடங்கள் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் போனேன். அவளுக்கு முதுகைக் காட்டி நாலு விரல் அகலம் உருவினேன்.

நூல் அப்படியே இருந்தது. நான் போட்ட முடிச்சு. காகிதம் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஜாஸ்பரின் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"மாமா?"

நூலைப் பல்லால் கடித்து இழுத்தேன். காகிதத்தைச் சுருட்டிப் பனியனுக்குள் தள்ளினேன். அப்புறம் திரும்பி, வாளை முழுசாக உருவி அவளுக்குக் காட்டினேன். சுத்தமான வாள். உறையைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை.

"காகிதம் இல்ல" என்றேன். "எவனோ எடுத்துட்டான்."

ஐவி என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஏழு மாசத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"படிச்சிருப்பாங்க மாமா. படிச்சதுனாலதான் வாளைத் திருப்பிக் குடுத்திருக்காங்க. ஒரு சைகை மாதிரி. இல்ல?"

"இருக்கும்."

"நம்பர் கரெக்டாதானே போட்டோம்?"

"கரெக்டுதான்."

உடனே எழுந்து கடை போனை எடுத்துச் சார்ஜில் போட்டாள். சிக்னல் எத்தனை கோடு என்று பார்த்தாள். அந்த நாட்டில் இப்போது மணி என்ன என்று தன் போனில் பார்த்துச் சொன்னாள். சாயங்காலம் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றவேண்டும், நீங்களும் வரவேண்டும் என்றாள். நான் மாதாவிடம் முகம் காட்டுகிற நிலைமையில் இல்லை. ஆனாலும் போனேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். கடை போன் அவள் கைப்பையில். பைக்குள் கையை விட்டு அதைப் பிடித்தபடியே வந்தாள். பனியனுக்குள் காகிதத்தின் முனை நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. வியர்வையில் நனைந்து எழுத்து கலைந்துவிடும், கலையட்டும் என்று நினைத்தேன். அப்புறம், படமும் கலைந்துவிடுமே என்று துணுக்கென்றது.

அடையாறு பாலத்தில் பஸ் நின்று நின்று போகும்போது போன் அடித்தது.

ஐவி அதைப் பையிலிருந்து எடுத்த வேகத்தில் சீப்பும் சில்லறையும் கீழே சிதறின. "ஹலோ! ஹலோ! யாரு? ஹலோ!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஏறியிருந்தது எல்லாம் மெதுவாக இறங்கியது. போனை என்னிடம் நீட்டினாள்.

"கடைங்களா?" என்றது ஒரு குரல். "ஞாயித்துக்கெழமை திருவான்மியூர்ல ஒரு பாராட்டு விழா. வீரவாள் கெடைக்குமா?"

ஐவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடைக்கும்" என்றேன்.

போனை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்தாள். "லைன பிஸியாவே வெச்சிருக்காதீங்க மாமா" என்றாள். பைக்குள் வைத்து, மறுபடி கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டாள்.